செவ்வாய்ச் சூழலில் கருவியைச் சோதிக்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் கருவியின் எடை 1 கிலோ 400 கிராம். செவ்வாய்க் காற்றில் மிதக்கும் தூசித் துகள்களை ஒளியைக் கொண்டு எண்ணுவது அதன் வேலை. செவ்வாயைப் போன்ற சூழலை உண்டாக்கும் ஓர் எஃகு அறைக்குள் அதை ஓட்டிப் பார்க்க நான்கு நாள் அனுமதி வாங்கியிருந்தோம். முதல் நாள் கனெக்டரோடு போராடியே கழிந்தது. இரண்டாம் நாள் அறைக்குள் அழுத்தம் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. மூன்றாம் நாள் மாலை கருவியிலேயே மின்பொறி பறந்தது. நான்காம் நாள் மூட்டை கட்டினோம்.

ஒன்பது மாதம் கழித்து மறுபடி போனோம். அதே நான்கு நாளில் எல்லாச் சோதனையும் முடிந்து அரை நாள் மிச்சமும் இருந்தது. இடையில் நாங்கள் பெரிய அறிவியல் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. முதல் முறை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள்தாம். அவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கல்லூரி மாணவர் குழு, புதிதாகத் தொடங்கிய நிறுவனம், முதல் கருவி செய்யும் ஆய்வாளர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. இந்த அறையை ஆய்வகங்களில் எல்லோரும் 'சேம்பர்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. எந்தச் செவ்வாய், எத்தனை மணிக்கு?

விண்ணப்பத்தில் 'செவ்வாய்ச் சூழல் தேவை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இடம், எந்தப் பருவம், பகலா இரவா என்று உடனே திருப்பிக் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. செவ்வாயின் தரையில் சராசரி அழுத்தம் சுமார் 6 மில்லிபார். நம் கடல்மட்டத்தில் 1013. ஆனால் கியூரியாசிட்டி ஊர்தி நிற்கும் கேல் பள்ளம் தாழ்வான இடம் என்பதால் அங்கே பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 7 முதல் 9 மில்லிபார் வரை இருக்கும். குளிர்காலத்தில் துருவத்தில் காற்றே உறைந்து தரையில் படிந்துவிடுவதால் வரும் ஏற்ற இறக்கம் அது. வெப்பநிலையும் அப்படித்தான். நடுக்கோட்டருகே நண்பகலில் 20 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளும் உண்டு. அதே இடத்தில் இரவில் −70-க்குக் கீழே போகும். துருவக் குளிர்காலத்தில் −125.

ஒரே ஒரு பக்கத்தில் ஒரு சூழல் தாள் தயாரியுங்கள். எங்கள் தாளில் நான்கு பத்திகள் இருந்தன: என்ன சூழல், எவ்வளவு, எவ்வளவு பிசகலாம், இது இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும். நான்காம் பத்திதான் பணத்தை மிச்சப்படுத்தியது. முதலில் எழுதிய பட்டியலில் அழுத்தம், வாயு, குளிர், தூசி, காற்றோட்டம், சூரிய ஒளி, புறஊதா என்று ஏழு இருந்தன. 'இல்லாவிட்டால் என்ன?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது சூரிய ஒளிக்கும் புறஊதாவுக்கும் எங்களால் பதில் எழுத முடியவில்லை. எங்கள் கருவி மூடிய பெட்டி; அதற்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. இரண்டையும் அடித்தோம். வெயிலைப் போல ஒளிவிடும் செனான் விளக்கின் வாடகை மிச்சம். உங்கள் கருவியில் சூரியத் தகடு இருந்தால் கதை வேறு: செவ்வாய்க்கு வரும் வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 590 வாட், பூமிக்கு வருவதில் பாதிகூட இல்லை.

ஈர்ப்பை எந்தச் சேம்பரும் குறைக்காது. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். பின்னர் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் 25 அடி விட்டச் சேம்பரில் பறக்கவிட்டபோது, மேலிருந்து ஒரு கயிற்றால் தொடர்ந்து இழுத்து மிச்ச எடையைக் குறைத்தார்கள். உங்கள் கருவியில் விழும் துகள், சாயும் கை, ஓடும் திரவம் என்று எதுவும் இருந்தால் அதைக் கணக்கால் மட்டுமே சரிக்கட்ட முடியும். அறிக்கையில் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதிவிடுங்கள். மதிப்பிடுபவர்கள் எப்படியும் கேட்பார்கள்.

2. வெற்றிடச் சேம்பர் போதும் என்று ஏமாறாதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 'செவ்வாயில் காற்று கிட்டத்தட்ட இல்லை; ஆகவே வெற்றிடத்தில் சோதித்தால் அதைவிடக் கடுமையான சோதனையாகிவிடும்' என்று நாங்களும் நினைத்தோம். வெப்ப விஷயத்தில் அது தலைகீழ்.

முழு வெற்றிடத்தில் கருவியின் சூடு கதிர்வீச்சு வழியாகவும் தாங்கும் கால்கள் வழியாகவும் மட்டுமே வெளியேறும். 6 மில்லிபார் வாயு இருந்தால் அந்த வாயுவே சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். அழுத்தம் இவ்வளவு குறைந்தும் வாயு கடத்தும் சூடு அவ்வளவாகக் குறைவதில்லை என்பதுதான் வேடிக்கை. செயற்கைக்கோளுக்குப் போர்த்தும் பளபளப்பான பல அடுக்குப் போர்வை வெற்றிடத்தில் அற்புதமாக வேலை செய்யும். செவ்வாயில் அடுக்குகளுக்கு இடையே வாயு புகுந்துகொள்வதால் அதன் திறமை பெருமளவு போய்விடும். செவ்வாயில் ஓடிய சோஜர்னர் ஊர்தியின் பெட்டிக்குள் ஏரோஜெல் என்னும் மிக இலேசான வெப்பத்தடுப்புப் பொருளை வைத்தது இதனால்தான். வெற்றிடத்தில் −40 டிகிரியோடு நின்ற எங்கள் மின்சுற்றுப் பலகை, அதே ஹீட்டர், அதே சுவர் வெப்பநிலை இருந்தும் செவ்வாய்க் காற்றின் பெரும்பகுதியான கரியமில வாயுவை நிரப்பியதும் −58-க்கு இறங்கியது. தொழிற்துறைத் தரச் சிப்புகள் பெரும்பாலும் −40 வரைக்கும், இராணுவத் தரச் சிப்புகள் −55 வரைக்கும்தான் உத்தரவாதம் தருகின்றன. முழு வெற்றிடத்தில் மட்டும் சோதித்திருந்தால் கருவி தேறிவிட்டது என்று கொண்டாடியிருப்போம்.

ஆகவே சேம்பர் தேடும்போது முதல் மின்னஞ்சலிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். உள்ளே கரியமில வாயு நிரப்பி, 5 முதல் 10 மில்லிபாரில் மணிக்கணக்காக நிலையாக வைத்திருக்க முடியுமா? அந்த அழுத்தத்தில் சேம்பர் சுவரையோ கருவியைப் பொருத்தும் தட்டையோ எவ்வளவு குளிர்விக்க முடியும்? அழுத்தமானி எந்த வகை? தூசியை உள்ளே அனுமதிப்பார்களா? இரவில் ஆள் இருப்பார்களா? 'செய்யலாம், பார்க்கலாம்' என்று பதில் வந்தால் இதுவரை செய்ததில்லை என்று அர்த்தம்.

இந்தியாவில் தொடங்குபவர்களுக்கு தனியார் விண்வெளி முயற்சிகளுக்கான அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ் அகமதாபாத்தில் வைத்திருக்கும் தொழில்நுட்ப மையம் ஒரு வாசல். அதிர்வுச் சோதனை, வெப்ப-வெற்றிடச் சோதனை ஆகியவற்றுக்கு அங்கே வசதி உண்டு. இன்-ஸ்பேஸின் இணையத்தளம் வழியே விண்ணப்பித்து, புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பிறகு கூட்டுச் செயலாக்கத் திட்டம் என்ற ஆவணத்தில் யார் என்ன செய்வது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். செவ்வாய்க் காற்றும் தூசியும் சேர்ந்தே வேண்டுமென்றால் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. ஸ்பெயினில் மாட்ரிட் அருகே வான்உயிரியல் மையத்திலும், அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் மையத்திலும் இத்தகைய வசதிகள் உண்டு.

வெள்ளிக் கோளுக்குக் கருவி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவாது. அங்கே தரையில் 92 மடங்கு வளிமண்டல அழுத்தம், 460 டிகிரி சூடு. நாசாவின் கிளென் மையத்தில் 'கியர்' என்றொரு கலன் அதற்கென்றே இருக்கிறது. அது குக்கர் வைக்கும் தொழில். நாங்கள் செய்வது ஐஸ்பெட்டித் தொழில்.

3. ஆவணங்கள்: எதை, எப்போது

நான்கு ஆவணங்கள் இல்லாமல் எந்தச் சோதனைக் கூடமும் தேதி தராது.

முதலாவது சோதனைத் திட்டம். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் நிறுத்துவது, எந்த நேரத்தில் கருவியை அணைத்து மறுபடி போடுவது, என்ன அளவு வந்தால் தேர்ச்சி, எது நடந்தால் உடனே நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதுவதில்லை. இரவு 2 மணிக்கு உங்கள் கருவியின் மின்னோட்டம் இரண்டு மடங்காகிவிட்டால் அங்கே இருக்கும் பணியாளர் என்ன செய்வார்? நீங்கள் எழுதி வைத்ததைத்தான்.

இரண்டாவது, அளவுகளோடு கூடிய வரைபடம். திருகுத் துளைகளின் இடம், எடை, கேபிள் வெளிவரும் பக்கம். மூன்றாவது, கருவியில் உள்ள எல்லாப் பொருட்களின் பட்டியல். வெற்றிடத்தில் எவ்வளவு ஆவி விடும் என்பதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் இரண்டு: மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், வேறிடத்தில் படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்குள். பசை, டேப், கேபிள் உறை, நுரைத் துண்டு என்று எல்லாவற்றுக்கும் இந்த எண்களைத் தேடி எழுதுங்கள். எங்கள் பட்டியலில் 61 வரி இருந்தது; 60-க்கு எண் இருந்தது. அந்த ஒன்று, கேபிளைக் கட்டியிருந்த சாதாரண நீல நிறப் பிளாஸ்டிக் பட்டை. கூடத்துப் பொறியாளர் அம்மா அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டினார். பதினெட்டுப் பட்டைகளையும் வெட்டிவிட்டு டெஃப்ளான் நாடாவால் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம்.

நான்காவது ஆபத்துப் பட்டியல்: மின்கலம், லேசர், உயர் மின்னழுத்தம், மூடிய வாயுக் குடுவை. மறைக்காதீர்கள். வாசலில் தெரிய வந்தால் அன்றைய நாள் போயிற்று.

வெளிநாட்டுக்குப் போவதென்றால் இன்னும் இரண்டு. விண்வெளித் தொழில்நுட்பம் நம் நாட்டில் ஸ்கோமெட் என்னும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரக்கூடியது. உங்கள் கருவி அதில் வருகிறதா என்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலைப் பார்த்து எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, கருவி போய்த் திரும்பி வரப்போகிறது என்பதற்கான சுங்க ஆவணம். 'கார்னே' என்னும் தற்காலிக ஏற்றுமதிப் புத்தகத்தை இந்தியாவில் வணிக, தொழில் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. போகும் நாட்டில் உங்கள் வகைப் பொருளுக்கு அது செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. பட்டியலில் உள்ள வரிசை எண்ணும் பெட்டிக்குள் இருக்கும் வரிசை எண்ணும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. கிளம்பும் முந்தின இரவு ஒரு பலகையை மாற்றினீர்கள் என்றால் பட்டியலும் மாற வேண்டும். உதிரிப் பாகங்களையும் முதலிலேயே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

4. கேபிளும் கனெக்டரும்

யாரும் இதைப் பற்றி எழுத மாட்டார்கள். ஆனால் எங்கள் முதல் நாள் முழுவதையும் விழுங்கியது இதுதான்.

சேம்பர் சுவரைக் கடந்து கம்பிகளை உள்ளே கொண்டுபோகக் காற்றுப் புகாத கனெக்டர் ஒன்று சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். ஃபீட்த்ரூ என்பார்கள். நாங்கள் போன இடத்தில் 37 ஊசி கொண்ட டி வடிவக் கனெக்டர். அதில் வெளிப்பக்கமும் ஊசி, உட்பக்கமும் ஊசி. நேராகப் போகும் ஒரே ஊசிதானே, எண் மாறாது என்று நினைத்துக் கேபிளை ஊரிலேயே தயார் செய்து எடுத்துப் போனோம். கண்ணாடியில் முகம் பார்த்தால் இடது வலதாகுமே, அதுதான் இங்கேயும். வெளியே 1-ஆம் ஊசி, உள்ளே இருந்து பார்த்தால் 19-ஆம் ஊசியின் இடத்தில் இருந்தது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் மீட்டரில் தொட்டுப் பார்த்ததால் கருவி பிழைத்தது. 37 கம்பிகளையும் அங்கேயே உட்கார்ந்து மாற்றிப் பற்றவைத்தோம்.

ஃபீட்த்ரூவின் இரு பக்கப் படத்தையும் ஊசி எண்களோடு முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். எண்கள் தெளிவாகத் தெரியும் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் அதே மாதிரிக் கனெக்டர் ஒன்றை வாங்கி உங்கள் மேசையிலேயே பொருத்திப் பாருங்கள்.

கேபிள் உறை பிவிசியாக இருக்கக் கூடாது. டெஃப்ளான் உறை வேண்டும். நீளம் என்னவென்று கேட்டால் அவர்கள் சொல்வதைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துப் போங்கள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்யும் தெர்மோகப்பிள் கொண்டு வெப்பநிலை அளக்கிறீர்கள் என்றால் அதன் இரண்டு உலோகமும் சுவரைக் கடக்கும் வரை மாறக் கூடாது. சாதாரணச் செம்பு ஊசியில் பொருத்தினால், ஊசியின் இரு முனைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு உங்கள் அளவில் பிழையாக ஏறிவிடும். அந்தத் தலைவலி வேண்டாமென்று நாங்கள் இரண்டாம் முறை நான்கு கம்பி பிளாட்டினச் சென்சாருக்கு மாறிவிட்டோம். சென்சாரை ஒட்டும் டேப்பும் முக்கியம்: கடையில் வாங்கிய செலோடேப் −60-இல் காய்ந்த இலை மாதிரி உதிர்ந்து விழும். காப்டான் அல்லது அலுமினிய டேப் பயன்படுத்துங்கள்.

5. உயர் மின்னழுத்தம் இருந்தால் இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்

காற்றின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மின்பொறி தாண்டுவது முதலில் எளிதாகும்; பிறகு ஓர் அளவுக்குக் கீழே மறுபடி கடினமாகும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பாஷன் வளைவு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பள்ளம் எங்கே விழுகிறது என்பதை அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிய எண் தீர்மானிக்கிறது. செவ்வாயின் அழுத்தத்தில் கரியமில வாயுவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வந்து நிற்கும். மின்சுற்றுப் பலகையிலும் கனெக்டரிலும் நாம் சர்வசாதாரணமாக விடும் இடைவெளி அதுதான். அங்கே சுமார் 420 வோல்ட் போதும், பொறி தாண்ட. சாதாரணக் காற்றழுத்தத்திலும் முழு வெற்றிடத்திலும் ஒன்றுமே ஆகாத கருவி, நடுவில் உள்ள செவ்வாயில் எரிந்துபோகும்.

எங்கள் கருவியின் ஒளி உணர்விக்கு 800 வோல்ட் தேவை. மேசையில் ஓடியது, வெற்றிடத்திலும் ஓடியது. 7 மில்லிபாரில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனபோது 500-ஐத் தாண்டியதும் அளவு தாறுமாறாகக் குதித்தது. கூட இருந்த மாணவர் விளக்கை அணைக்கச் சொன்னார். அறை இருட்டானதும் சேம்பரின் சிறிய கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்தோம். கனெக்டரின் இரண்டு ஊசிகளுக்கு நடுவே, அரிசி மணி அளவுக்கு, வெளிறிய நீல ஒளி அசையாமல் நின்றது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்கு ஒரு மின்சுற்றுப் பலகை விலை.

என்ன செய்யலாம்? உயர் மின்னழுத்தம் வரும் எல்லா இணைப்பையும் குமிழி இல்லாத பசையால் முழுக்க மூடுங்கள். குமிழி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் அதுவே சிறு சேம்பராகிப் பொறி பறக்கும். ஆகவே பசையைக் கலந்ததும் வெற்றிடத்தில் வைத்துக் குமிழியை வெளியேற்றிவிட்டு ஊற்றுங்கள். முடிந்தவரை 300 வோல்ட்டுக்குள் வேலை செய்யும் உணர்வியைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும் உயர் மின்னழுத்தத்தை அணைத்தே வைத்திருங்கள். கரியமில வாயுவுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பிச் சோதித்தால் இந்த விஷயத்தில் விடை வேறாக வரும். வெப்பக் கடத்தலிலும் வேறாகத்தான் வரும்.

6. தூசியைக் கடைசியில் வையுங்கள்

செவ்வாய் மண்ணைப் போன்ற மாதிரி மண் விலைக்குக் கிடைக்கும். ஹவாய்த் தீவின் எரிமலைச் சாம்பலிலிருந்து எடுத்தது ஒரு வகை. ஈரத்தை வெகுவாக உறிஞ்சும் என்பது அதன் குறை. பம்ப் போட்டால் மணிக்கணக்காக நீராவி விட்டுக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துப் பசால்ட் எரிமலைப் பாறையை அரைத்துச் செய்தது இன்னொன்று. கனிமங்களைத் தனித்தனியாகக் கலந்து செய்யும் எம்ஜிஎஸ்-1 மூன்றாவது. 'செவ்வாய் மண்' என்று ஒட்டுச்சீட்டு இருப்பதால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கருவிக்கு எது முக்கியம் என்று பாருங்கள்: நிறமா, துகள் அளவா, காந்தத்தன்மையா, வேதியியலா? எங்களுக்குத் துகள் அளவு மட்டுமே முக்கியம்.

நிலவுக் கருவி செய்பவர்கள் வெளிநாட்டு மண்ணைத் தேடும் முன் நாமக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறைக்கு நெருங்கிய உறவு. இஸ்ரோ சந்திரயான் தரையிறங்கி, ஊர்திச் சோதனைகளுக்கு அந்தப் பாறையை அரைத்துத்தான் நிலவு மண் செய்தது.

மாதிரி மண்ணைப் பயன்படுத்தும் முன் அடுப்பில் காயவைத்து, மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள். நுண்ணிய கனிமத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் போதாது, துகள் வடிகட்டும் வகையை அணியுங்கள். சேம்பர் உரிமையாளர்களுக்குத் தூசி என்றாலே அலர்ஜி. பம்புக்குள் போனால் பம்பு கெடும். அடுத்து வருபவரின் கண்ணாடி வில்லையில் படியும். கருவியைச் சுற்றித் தனியே ஒரு பெட்டி செய்து அதற்குள் மட்டும் தூவுவோம் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்கள். தூசிச் சோதனையை எப்போதும் கடைசி நாள் வையுங்கள். அதன் பிறகு கருவியைத் திறந்து எதையும் பழுதுபார்க்க முடியாது.

7. சோதனை நாள்: எந்த வரிசையில்

வந்ததும் மேசையில் ஒரு முழு இயக்கச் சோதனை செய்து பதிவு செய்யுங்கள். பயணத்தில் கெட்டதா, சேம்பரில் கெட்டதா என்ற சண்டை பிறகு வராது. அடுத்துச் சேம்பருக்குள் வைத்து, கதவு திறந்திருக்கும்போதே அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அதன் பிறகே கதவை மூடுங்கள்.

முதலில் முழுவதும் வெற்றிடமாக்கிச் சில மணி நேரம் விடுங்கள். நீராவி வெளியேற வேண்டும். கருவிப் பெட்டியில் காற்று வெளியேறத் துளை இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெட்டி பலூனாகும். பிறகு கரியமில வாயுவை மெல்ல விடுங்கள். உலர்ந்த, உயர் தூய்மை வாயுவாகக் கேளுங்கள். சோடா கடை சிலிண்டரில் உள்ள ஈரம் குளிர்ந்த இடத்தில் எல்லாம் பனியாகப் படியும்.

இனி எங்கள் இரண்டாம் நாள் கதை. சுவரைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தோம். அது −196 டிகிரி. 7 மில்லிபார் வைத்தால் 5 ஆனது. மறுபடி வாயு விட்டோம், மறுபடி இறங்கியது. கசிவு என்று நினைத்து மதியம் வரை கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். கசிவு இருந்தால் அழுத்தம் ஏறத்தானே வேண்டும், இறங்குவானேன் என்று யாருக்கும் உறைக்கவில்லை. உறைந்தது வாயுதான். இந்த அழுத்தத்தில் கரியமில வாயு ஏறத்தாழ −125 டிகிரியில் உறைபனியாகும். நாங்கள் விட்ட வாயுவையெல்லாம் சுவர் வெள்ளையாகப் பூசிக்கொண்டிருந்தது. சுவரை −110-க்கு மேல் வைத்துக் கட்டுப்படுத்தத் தெரிந்த கூடமா என்று முன்பே கேளுங்கள். குளிர்ந்த நைட்ரஜன் வாயுவைச் சுற்றவிட்டோ, ஹீட்டரைச் சேர்த்து ஓட்டியோ செய்வார்கள்.

அழுத்தமானியையும் கவனியுங்கள். சூடான கம்பி வகையான பிரானி மானி பெரும்பாலும் நைட்ரஜனுக்கு அளவிடப்பட்டிருக்கும்; கரியமில வாயுவில் தவறாகக் காட்டும். வாயு எதுவானாலும் சரியாகக் காட்டும் மென்தகட்டு மானி இருக்கிறதா என்று கேளுங்கள்.

குளிர் ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்பதைச் சுவரின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கருவியின் நடுவில் உள்ள சென்சாரைப் பாருங்கள். எங்கள் கருவிக்குச் சுவர் குளிர்ந்த பிறகும் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓர் ஏற்ற இறக்கச் சுற்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம். ஒரு நாளில் இரண்டு சுற்றுதான், இரவும் ஓடினால்.

முடிந்ததும் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள். கருவி அறை வெப்பநிலைக்கு வந்து, அதற்கும் சற்று மேலே போன பிறகு, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பித் திறக்க வேண்டும். −30-இல் திறந்தால் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் உங்கள் மின்சுற்றில் தண்ணீராக நிற்கும். திரவ நைட்ரஜன் ஆவியாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் எச்சரிக்கை மணி அடித்தால் மடிக்கணினியை எடுக்க நிற்காமல் வெளியே போங்கள்.

8. செலவு எங்கே போகிறது

சேம்பர் வாடகை நாள் கணக்கு. பொருத்தும் நாளும் சூடேற்றித் திறக்கும் நாளும் அதில் சேரும். நான்கு நாள் வாடகை என்றால் உண்மையான சோதனை இரண்டரை நாள்தான். எங்கள் மொத்தச் செலவில் வாடகை பாதிகூட இல்லை. மிச்சம் எல்லாம் இப்படிப் போயிற்று: திரவ நைட்ரஜன் லிட்டர் கணக்கில் தனி, இரவுப் பணியாளர் தனி, வாயு சிலிண்டர் தனி, ஜிஎஸ்டி தனி. கருவியைத் தட்டில் பொருத்த அலுமினியத் தகடு கடையச் செய்தோம். துளை ஒத்து வராமல் அங்கேயே உள்ளூர்ப் பட்டறையில் மறுபடி செய்தோம். மாதிரி மண் கிலோ விலையில் மலிவு, அனுப்பும் செலவில் அல்ல. விலைப்புள்ளி வாங்கும்போது 'இதில் எது சேராது?' என்று கேளுங்கள். 'எது சேரும்?' என்று கேட்டால் இனிப்பான பதில்தான் வரும்.

கருவி கெட்டு ஒரு நாள் ஓடாவிட்டாலும் வாடகை உண்டு. ஆகவே இன்னொரு முழுக் கருவி, குறைந்தபட்சம் இன்னொரு செட் பலகைகள், கட்டாயம் கையில் இருக்கட்டும். மூன்றாம் நாள் எங்களிடம் அது இல்லை.

9. எப்போது தொடங்குவது

உள்நாட்டில் விண்ணப்பம் முதல் சோதனை நாள் வரை எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதில் இரண்டு மாதம் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவது என்று எங்கள் கல்லூரிக்குள்ளேயே கோப்பு சுற்றியது. வெளிநாடு என்றால் விசா, சுங்கம், ஏற்றுமதி அனுமதி எல்லாம் சேர்த்து ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விண்கலத் திட்டம் ஏதாவது நுழைந்தால் உங்கள் தேதி தள்ளிப்போகும். சண்டை போட்டுப் பயனில்லை. டிக்கெட்டை மாற்றக்கூடிய வகையில் எடுங்கள்.

சோதனைக்கு ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஒத்திகை செய்யுங்கள். வெற்றிடம் வேண்டாம், குளிர் வேண்டாம். சேம்பரில் போடப்போகும் அதே கேபிள், அதே மென்பொருள், அதே ஆட்கள். ஒன்பது மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். எங்கள் மென்பொருள் ஏழாவது மணியில் நினைவகம் நிறைந்து நின்றுபோகிறது என்பதை இரண்டாவது முறை ஒத்திகையில்தான் பிடித்தோம்.

10. கிளம்பும் முன்

கூடத்தின் கணினியில் பதிவான அழுத்தம், வெப்பநிலை அளவுகளை மூலக் கோப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அச்சிட்ட வரைபடம் அழகாக இருக்கும். பிறகு எதற்கும் உதவாது. மானிகளின் அளவுத்திருத்தச் சான்றிதழ் நகலும் வேண்டும். அது இல்லாத அறிக்கையை எந்த விண்வெளி நிறுவனமும் ஏற்காது.

தொடங்கும் முன்பே இரண்டு கணினிகளின் கடிகாரத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். எங்களுடையது இந்திய நேரத்தில் ஓடியது. அவர்களுடையது 4 நிமிடம் 10 விநாடி பின்தங்கியிருந்தது. பொறி பறந்த நேரத்தில் அழுத்தம் என்ன என்று கண்டுபிடிக்க, ஊருக்குத் திரும்பி வந்து, ஹீட்டர் போட்ட நொடியில் இரண்டு கோப்பிலும் தெரியும் சிறு மேட்டைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தோம்.